ஓடாத இயந்திரம்

அத்தியாயம் 4

"சாவு வீட்டுக்குப் போனா துண்டு கொடுப்பாங்க. இங்க கிண்ணம் கொடுக்கறாங்க, பாஸ். இந்தக் கம்பெனி செத்ததுல எனக்கு லாபம்தான்."

ஜோவ் கையிலிருந்த அட்டைப்பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினான். உள்ளே பீங்கான் உரசியது.

துவான் அவன் பக்கம் திரும்பவில்லை. டிங்யூ கம்பெனியின் வாசலில் கூடியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். பாதிப் பேர் பெட்டியை வாங்கிய கையோடு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்கள். சின்ச்சு நகரில் எந்தக் கம்பெனி பங்குதாரர்களை அழைத்தாலும் இவர்கள் முதலில் நிற்பார்கள். வைத்திருப்பது ஒரே ஒரு பங்கு. ஆண்டுக்கொரு குடையோ கிண்ணமோ கிடைத்தால் அவர்களுக்கு அந்தப் பங்கு பலித்துவிட்டது.

நிறுத்தியிருந்த ஸ்கூட்டர்களைக் காற்று ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்தது. எதையோ தொலைத்துவிட்டு வீடு வீடாகத் தேடுகிறவனைப் போல அது காலையிலிருந்து தெருவில் அலைந்துகொண்டிருந்தது.

"ஜோவ், ஒண்ணு சொல்லு. நீ பரீட்சையில ஃபெயிலானப்போ ஊரைக் கூப்பிட்டு மார்க்கைக் காட்டினியா?"

"எங்கம்மாவுக்கே காட்டலை, பாஸ்."

"இவங்க காட்டறாங்க. பரிசு வேற கொடுத்துக் காட்டறாங்க. ஏன்?"

ஜோவ் பெட்டியை இன்னொரு தடவை குலுக்கினான்.

துவானுக்கு ஐம்பது வயது. இருபது வருடம் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, எரிந்த கடைகளையும் வெள்ளத்தில் மூழ்கிய கார்களையும் பார்த்து, எது விபத்து, எது நாடகம் என்று சொல்லிவந்தவள். இப்போது நூடுல்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். ஜோவ் அவளுடைய ஒரே உதவியாளன். முப்பது வயது. இதற்கு முந்தைய வேலைகள் எல்லாவற்றையும் வாயாலேயே கெடுத்துக்கொண்டவன்.

நேற்று மாலை அந்த மாடிக்கு பெங் சூ-லான் ஏறி வந்தாள். தொழில்நுட்பப் பூங்காவின் பின் வாசலில் காலைச் சிற்றுண்டிக் கடை நடத்துகிறவள். மாவு படிந்த ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை.

"உங்க போர்டுல 'கள்ளத்தொடர்பு, காணாமல் போனவர்கள்'னு எழுதியிருக்கு. மெஷினெல்லாம் பார்ப்பீங்களா?"

"மெஷினுக்குக் கள்ளத்தொடர்பு இருந்தா கண்டிப்பா பார்ப்போம்க்கா" என்றான் ஜோவ்.

அவள் சிரிக்கவில்லை. உட்காரவும் இல்லை. நின்றபடியே சொன்னாள்.

பதினான்கு வருடங்களுக்கு முன் வென் ஷி-ஃபாங் என்ற, டாக்டர் பட்டம் வாங்கிய இன்ஜினியர் தினமும் அவள் கடைக்கு வருவார். பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக ஓர் இயந்திரம் செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கணினிச் சில்லுக்குள் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் அதை ஒலியால் கேட்டுச் சொல்லிவிடும் இயந்திரம். வங்கிகள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அவருடைய மனைவியும் கேட்கவில்லை. முட்டைத் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சூ-லான்தான் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் கையிலிருந்ததையெல்லாம் போட்டு டிங்யூவின் பங்குகளை வாங்கினாள். அன்றிலிருந்து ஒன்றுகூட விற்கவில்லை. அவளைப் பார்த்து அவள் கடைக்கு வரும் மீன்காரியும் முடிதிருத்துகிறவரும் டாக்ஸிக்காரர்களும் வாங்கினார்கள்.

இப்போது கம்பெனி அறிவித்திருந்தது: இயந்திரம் தோற்றுவிட்டது. போன வருடம் மார்ச்சிலேயே நிறுத்தியாகிவிட்டது. ஹாய்போ என்ற முதலீட்டு நிறுவனம் கருணையோடு எல்லோருடைய பங்குகளையும் வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறது. அவள் கொடுத்த விலையில் கால்வாசிதான். கடைசி நாள், நாளை. மூன்றரை மணியோடு முடிந்தது.

"கடை இருக்கிற கட்டடத்தை ஓனர் விக்கறார். நாளைக்கு நான் அட்வான்ஸ் கொடுக்கலைன்னா வேற ஆளுக்குப் போயிடும். பங்கை வித்தா கடையாவது மிஞ்சும். விக்காம இருந்து, கம்பெனியும் மூடிடுச்சுன்னா, ரெண்டும் போச்சு. எம் பொண்ணு ரூமான் வித்துடும்மான்னு ஒத்தக் கால்ல நிக்கறா." சூ-லான் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். துடைக்க ஒன்றுமில்லை. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். மெஷின் நெசமாவே ஓடலையா? நாளைக்குக் காலையில பங்குதாரர் எல்லாரும் வந்து பாக்கலாம்னு கூப்பிட்டிருக்காங்க. எனக்குப் பாக்கத் தெம்பில்ல. எம் பேர்ல நீங்க போய்ப் பாருங்க."

அதனால்தான் ஜோவ் கையில் கிண்ணம்.

*

கூடத்தில் பாதி விளக்குகள் எரியவில்லை. சுவர் நாட்காட்டி போன வருட மார்ச்சில் நின்றிருந்தது. நடுவில் இரண்டு குளிர்சாதனப் பெட்டிகளைச் சேர்த்து வைத்தது போன்ற உயரத்தில் அந்த இயந்திரம். மேலே பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் விரல் பதியும் அளவுக்குத் தூசி.

மேலாளர் காவ் கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தார். அவர் குரலும் கறுப்பாகத்தான் இருந்தது.

"எங்க புள்ள மாதிரி வளர்த்தோம். எழுந்து நடக்கலை. ஹாய்போக்காரங்க கொடுக்கறது கம்மிதான். ஆனா அவங்களும் போயிட்டா உங்களுக்கு இந்தப் பிளாஸ்டிக்தான் மிச்சம்." அவர் உறையைப் பாதி விலக்கிவிட்டார். "தொட்டுப் பாருங்க. மறைக்க எதுவுமில்ல எங்ககிட்ட."

மக்கள் தொட்டுப் பார்த்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தூசியில் தன் பெயரை எழுதினார். ஓர் அம்மாள் கதவு போன்ற ஒன்றைத் திறந்து உள்ளே தலையை விட்டு "ஹலோ" என்றாள். ஜோவ் முழங்கையை ஊன்றி இயந்திரத்தின் மேல் சாய்ந்துகொண்டான். யாரும் தடுக்கவில்லை. சுவரோரம் மூக்குக்கண்ணாடி போட்ட இளம் இன்ஜினியர் ஒருவன் மட்டும், நகர்த்த மறந்த நாற்காலியைப் போல அசையாமல் நின்றிருந்தான்.

"பாஸ், இதவிட எங்க வீட்டு வாஷிங் மெஷின்ல உயிர் அதிகம். கிளம்பலாமா? பசிக்குது." பேசிக்கொண்டே ஜோவின் கை உறைக்கு அடியில் எதிலோ பட்டது. இழுத்தான். பச்சை நிறப் பொட்டலம். தேங்காய்ச் சுவைச் சோளப்பொரி. "அட, சாப்பாடும் உண்டா!"

இரண்டு ஓரங்களையும் பிடித்துக் கிழிக்கப் போனான்.

"தொடாதீங்க!"

கூடமே திரும்பிப் பார்த்தது. நாற்காலி மாதிரி நின்ற இன்ஜினியர் நான்கே தாவலில் வந்து, ஜோவின் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கி, இரண்டு கைகளாலும் பழைய இடத்திலேயே வைத்து, முகப்பு முன்னால் தெரியும்படி சரிசெய்தான். அப்புறம்தான் எல்லோரும் பார்ப்பது அவனுக்கு உறைத்தது.

"பழசுங்க அது" என்று முணுமுணுத்தான். "வயித்துக்கு ஆகாது."

காவ் அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பொரி கருகியிருக்கும்.

துவான் ஒரு கொட்டாவி விட்டாள். ஜோவுக்குத் தெரியும், அவளுக்குத் தூக்கம் வந்தால் கொட்டாவி விடமாட்டாள். ஏதாவது கிடைத்தால்தான் விடுவாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். "பொட்டலத்துல தேதி என்ன போட்டிருந்தது?"

"சாப்பாட்டுக்கிட்டயும் பொண்ணுங்ககிட்டயும் நான் வயசு பாக்கறதில்ல, பாஸ்."

"உன் கிண்ணத்தை உள்ளயே விட்டுட்டு வந்துட்டே."

"இல்லையே, இதோ..." ஜோவ் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். துவானைப் பார்த்தான். பெட்டியை அவள் கையில் கொடுத்தான். "ஆமாம். விட்டுட்டேன். எங்கம்மா திட்டுவாங்க."

அவன் உள்ளே ஓடினான். துவான் தெருவோரம் நின்று, விழுந்து கிடந்த யாருடைய ஸ்கூட்டரையோ தூக்கி நிறுத்தினாள். காற்று அதைத் திரும்பவும் தள்ளியது. திரும்பவும் நிறுத்தினாள். அவளுடைய கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

ஜோவ் மூச்சிரைக்க வந்தான். "அடுத்த வருஷம் மே மாசம் வரைக்கும் நல்லா இருக்கும்னு போட்டிருக்கு. பழசாம்! நேத்து சுட்ட மாதிரி இருக்கு."

"அந்தப் பொரி எத்தனை மாசம் தாங்கும்?"

"ஒம்போது மாசம்? மிஞ்சினா பத்து."

"அப்போ செஞ்சதே இந்த வருஷம் கோடையில, ஜூலை ஆகஸ்ட்ல. மெஷின் நின்னது எப்போ?"

ஜோவ் விரல் விட்டு மாதங்களை எண்ணினான். போன வருட மார்ச்!

இந்தப் பொரியை வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாமல் ஓடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை; பச்சைப் பொட்டலம் இல்லாத இயந்திரமே அங்கே கிடையாது. ரயில் நிலையத்துச் சீட்டு இயந்திரத்தின் மேல் இருக்கும், மருத்துவமனைக் கணினிக்குப் பக்கத்தில் இருக்கும், வங்கியில் பணம் கக்கும் பெட்டிக்குள்ளும் இருக்கும். பச்சைதான் வைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிய வேண்டுமே. மஞ்சளை வைத்தால் இயந்திரம் முரண்டு பிடிக்கும். தேதி முடிவதற்குள் புதிதாக மாற்றிவிட வேண்டும். பெரிய படிப்புப் படித்தவர்கள்தாம் இதில் ரொம்பக் கண்டிப்பு. ஓர் இன்ஜினியரிடம் கடவுள் இல்லை என்று சொல்லலாம். பொட்டலத்தை எடுத்துவிடு என்று சொல்ல முடியாது.

"தூசியைக் கொண்டுவந்து கொட்டியாச்சு" என்றாள் துவான். "காலண்டரைத் திருப்பியாச்சு. லைட்டைப் பிடுங்கியாச்சு. பச்சைப் பொட்டலத்தை எடுடான்னு காவ் சொல்லியிருப்பார். அந்தப் பையன் தலையாட்டிட்டு உறைக்கு அடியில தள்ளி வெச்சிருக்கான். பழசு ஒண்ணை வெக்கவும் அவனுக்கு மனசு வரலை. இன்னிக்கு மத்தியானம் அதை மறுபடி ஓட்டப் போறது அவன்தானே."

"வெறும் பழக்கமா இருந்தா? பாசத்துல மாத்திட்டு வர்றானோ என்னவோ."

"நீ செத்தவங்களுக்கு மாத்திரை வாங்கித் தருவியா?"

"எங்க மாமாவுக்குன்னா தருவேன். அவர் அடிக்கடி செத்து செத்துப் பொழைக்கறவர்." ஜோவ் ஹெல்மெட்டை மாட்டினான். "சரி பாஸ், மெஷின் ஓடுது. கேஸ் முடிஞ்சுது. சாப்பிடப் போலாம்."

"ஒரு பொரிப் பொட்டலத்தை நம்பி ஒரு பொம்பளை கடையைப் பணயம் வைக்கணுமா? போதாது. ஓடற மெஷினை ஓடலைன்னு சொல்றது யாருக்கு லாபம்? அது தெரியணும்."

"ஹாய்போவுக்கு. மலிவா வாங்கலாமே."

"ஹாய்போங்கறது ஒரு பெயர்ப் பலகை. காலையில போய்ப் பார்த்தேன். ஒரு ரூம், ஒரு மேசை, தொட்டியில ஒரு மூங்கில் செடி. பின்னால நிக்கற ஆளு யாரு? காவ் மாசச் சம்பளக்காரர். அவர் கோட்டே வாடகைக் கோட்டு மாதிரி இருக்கு."

அப்போது அவளுடைய கைபேசி அடித்தது. சூ-லான்.

"நீங்க இனிமே அலையவேணாம்" என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது. "டாக்டர் வென்னே இங்க வந்துட்டார். ஆபீஸ்ல வெளிய சொல்லக்கூடாததெல்லாம் எங்கிட்ட சொல்றார், பாவம். மெஷின் சரிவரலை, வித்துடுங்கக்கான்னு கையெடுத்துக் கும்பிடறார். நான் ரூமான் கையில என் முத்திரையைக் கொடுத்து புரோக்கர் ஆபீஸுக்கு அனுப்பிட்டேன். வரிசையில நிக்கறா."

முத்திரை போனால் எல்லாம் போன மாதிரி. அங்கே கையெழுத்துக்குப் பதில் அதுதான்; அதில் செதுக்கியிருக்கும் பெயரைக் காகிதத்தில் அழுத்திவிட்டால், சூ-லானே வந்து விற்றதாகத்தான் அர்த்தம்.

"அவர் கெளம்பாம பாத்துக்குங்க" என்றாள் துவான். "எனக்கு ஒரு சோயாப் பால் போட்டு வைங்க."

ஜோவ் ஸ்கூட்டரைக் கிளப்பினான். சிவப்பு விளக்குகளைப் பற்றி அவர்கள் அன்று பேசிக்கொள்ளவில்லை.

*

மதியம் நெருங்கியதால் கடையில் கூட்டமில்லை. மூலை மேசையில் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் கைபேசியைப் பார்த்தபடி முள்ளங்கிக் கேக்கைப் பிட்டுக்கொண்டிருந்தாள். தோசைக்கல்லுக்குப் பக்கத்து மேசையில் டாக்டர் வென் ஷி-ஃபாங். ஒல்லியான மனிதர். ஐம்பத்தெட்டு வயதுக்கு அதிகமாகவே நரைத்திருந்தார். தட்டில் முட்டைத் தோசை தொடாமல் ஆறிக்கொண்டிருந்தது. சூ-லான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவங்க என் சொந்தக்காரங்க" என்றாள் அவள்.

"அம்மா வழி" என்று ஜோவ் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தான். வென்னின் தட்டைப் பார்த்தான். "சாப்பிடப்போறீங்களா, சார்? இல்ல, அதுவும் தோத்துப்போச்சா?"

துவான் அவன் காலை மிதித்தாள்.

"உங்களைப் பத்தி அக்கா நிறைய சொல்லியிருக்காங்க, டாக்டர். உடம்பு சரியில்லையாமே?"

"இதயம்." வென் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு நான் ஃபாக்டரிப் பக்கமே போய். டாக்டர் போகக்கூடாதுன்னுட்டார். வீட்டுல படுத்திருக்கேன், கூரையைப் பாக்கறேன். இன்னிக்கு மனசு கேக்கலை. என்னை நம்பின முதல் ஆள் அக்காதான். அவங்களாவது கொஞ்சம் காசோட தப்பிக்கணும்."

குரலில் நடுக்கம் உண்மையாகவே இருந்தது. ஜோவ்கூட ஒரு கணம் தலை குனிந்துகொண்டான்.

"இந்தக் காத்துல ஸ்கூட்டர்லயா வந்தீங்க?" என்று கேட்டாள் துவான்.

"ஐயோ, இல்ல. டாக்ஸி."

"அப்போ ஹெல்மெட் போடலை."

"டாக்ஸிக்கு எதுக்கு ஹெல்மெட்?"

"அதானே." துவான் சோயாப் பாலை ஒரு வாய் குடித்தாள். "நெத்தியில கோடு மாதிரி இருக்கே, அதான் கேட்டேன்."

வென்னின் கை தானாகவே நெற்றிக்குப் போனது. "தலைகாணி. இப்பதான் தூங்கி எழுந்தேன்."

"மூக்கு மேலயுமா தலைகாணி படும்?"

ஜோவ் இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தான். வென்னின் நெற்றியைச் சுற்றி, காதோரம் இறங்கி, தாடை வரை ஒரு சிவந்த தடம். மூக்குத்தண்டின் மேல் இன்னொன்று, இரு கன்னங்களிலும் வளைந்து. முகத்தை யாரோ பென்சிலால் வரைந்துவிட்டு அழிக்க மறந்தது போல.

துவான் மூலை மேசையைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். அந்தச் சீருடைப் பெண் நிமிர்ந்தாள். அவள் முகத்திலும் அதே கோடுகள். நெற்றியைச் சுற்றி ஒன்று, மூக்கின் மேல் ஒன்று. தூசி புகாத அறையில் தலைமூடியும் முகமூடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டு காலையெல்லாம் வேலை செய்துவிட்டுச் சாப்பிட வந்திருக்கிறாள்.

"என்ன?" என்றாள் அவள். "பல்லுல ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் துவான். "சாப்பிடு."

பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தக் கோடு அரை மணி நேரத்துல மறைஞ்சிடும், டாக்டர். நம்ம வயசுல ஒரு மணி நேரம். காலையில நாங்க முன் கூடத்துல தூசியைப் பாத்துட்டிருந்தப்போ நீங்க பின் ரூம்ல தலைமூடியோட உக்காந்திருந்தீங்க. முன்னாடி இருந்த மெஷினைத்தான் ரெண்டு மணி நேரம் நிறுத்தினீங்க. பின்னாடி ரூம்ல இருந்த இன்னொண்ணை நிறுத்த மனசு வரலை. நாங்க கெளம்பினதும் மூடியைக் கழட்டிப் போட்டுட்டு நேரா இங்க வந்துட்டீங்க. கண்ணாடி பாக்க நேரமில்ல."

"அப்போ காவ் இல்லையா?" என்றான் ஜோவ். "ஹாய்போவுக்குப் பின்னால நிக்கறது..."

"மலிவா வாங்கறதுக்கு எல்லாரையும் விட அதிகமா ஆசைப்படறவர் யாரு? அது என்ன விலை போகும்னு தெரிஞ்ச ஒரே ஆளு."

சூ-லான் கல்லில் இருந்த தோசையைத் திருப்ப மறந்துவிட்டாள். கருகிய வாசனை எழுந்தது. அவள் கோபமாக இல்லை. கணக்கில் எங்கோ தப்பு வந்துவிட்டது, இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தால் சரியாகிவிடும் என்பது போல வென்னைப் பார்த்தாள்.

"டாக்டர், இல்லைன்னு சொல்லுங்க."

வென் மூக்கின் மேலிருந்த தடத்தைத் தேய்த்தபடி குனிந்தார். நிமிர்ந்தபோது அவருடைய குரலில் நடுக்கம் போயிருந்தது.

"ஓடுது" என்றார். "கோடை காலத்துலேர்ந்து ஓடுது. என்னமா ஓடுது தெரியுமா! பெரிய கம்பெனி ஒண்ணு வந்து பாத்துட்டு, இன்னும் பத்து வேணும்னு கேக்கறான்." ஒரு கணம் அவர் முகம் சின்னப் பையனுடையதைப் போல் மலர்ந்து, உடனே சுருங்கியது. "பதினாலு வருஷம் நான் தூங்கலை. பொண்டாட்டி போயிட்டா. ஒரு பங்கை வெச்சுக்கிட்டு கிண்ணம் வாங்க வர்றாங்களே, நிமிஷத்துல வாங்கிட்டு ஓடறாங்களே, அவங்களுக்கெல்லாம் இது ஏன் போகணும்? சொல்லுங்க."

"நான் கிண்ணம் வாங்க வரலை" என்றாள் சூ-லான்.

"உங்களுக்குத் தனியா கொடுத்திருப்பேன்க்கா. சத்தியமா. முழுசா."

"எங்கிட்ட சொல்லிட்டா, சொல்லாமலா?"

வென் தட்டைச் சற்றே தள்ளிவைத்தார்.

"அவர் ஏன் நேர்ல வந்தார்னு கேளுங்க" என்றாள் துவான். "கம்பெனி அறிவிப்புலயே போட்டிருக்கு, மொத்தப் பங்குகள்ல மூணுல ரெண்டு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஹாய்போ கைக்கு வரலைன்னா மொத்த வியாபாரமும் ரத்து. கொடுத்தவங்க பங்கெல்லாம் கொடுத்தவங்களுக்கே திரும்பிடும். இன்னும் கொஞ்சம் குறையுது. கொறையறது எங்கன்னு பாத்தா, இந்தக் கடையில. உங்களைப் பாத்து வாங்கினவங்க, நீங்க விக்கறீங்களான்னு பாத்துட்டு நிக்கறாங்க."

வென் எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"சரி, விக்காதீங்க. ஆனா ஒண்ணு யோசிங்க. மெஷின் ஓடினாலும் பணம் வர மூணு வருஷமோ நாலு வருஷமோ ஆகும். இந்தக் கட்டடத்துக்கு அட்வான்ஸ் இன்னிக்கு. நான் பொய் சொல்லியிருக்கலாம். இது பொய்யில்ல."

அது பொய்யில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

சூ-லான் அடுப்பை அணைத்தாள். அவர் முன்னாலிருந்த தட்டை எடுத்து, ஆறிப்போன தோசையைக் குப்பையில் தட்டினாள்.

"யாரும் கேக்காதப்போ நான் கேட்டேன்டா" என்றாள். பதினான்கு வருடங்களில் முதல்முறையாக அவரை அவள் அப்படி அழைத்தாள். "அந்தக் காதுக்கா நீ பொய் சொன்னே? போ."

*

புரோக்கர் அலுவலகத்தின் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. மீன்காரி காலணியோடு சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். முடிதிருத்துகிறவர் தூங்கிக்கொண்டிருந்தார். மூன்று டாக்ஸிக்காரர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னால் எழுத்தர் ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட, ஒவ்வொருவராகப் போய் முத்திரையை அழுத்திவிட்டு வந்தார்கள். அந்தச் சத்தம் மெல்லியதுதான். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஜோவ் திரும்பிப் பார்த்தான்.

ரூமான் முன் வரிசையில் இருந்தாள். இருபத்தாறு வயது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்தாள்.

"எதுக்கும்மா வந்தே? அடுத்தது நாமதான். முடிச்சிட்டு நேரா ஓனரைப் பாக்கப் போறேன்."

"முத்திரையைக் கொடு."

"ஏன்?"

"மெஷின் ஓடுது."

"யார் சொன்னது? இவங்களா?" ரூமான் ஜோவையும் அவன் கையிலிருந்த கிண்ணப் பெட்டியையும் ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, நான் ஆறாவது வகுப்பு படிக்கறப்போலேர்ந்து இதையேதான் சொல்றே. அடுத்த வருஷம் ஓடும், அடுத்த வருஷம் ஓடும். டூருக்குப் போகலை, புது ஃப்ரிட்ஜ் வாங்கலை. என் பிரெண்ட்ஸ் எல்லாம் உன் பொண்ணு நானா, அந்த மெஷினான்னு கேப்பாங்க."

"வென்னே சொன்னான். எல்லாரையும் ஏமாத்தி மலிவா வாங்கறது அவன்தான்."

எல்லோரும் திரும்பினார்கள். முடிதிருத்துகிறவர் விழித்துக்கொண்டார்.

"டாக்டர் வென்னா?" என்றாள் மீன்காரி. "சும்மா சொல்லாதே சூ-லான். என்கிட்ட இறால் வாங்கறப்போ பேரமே பேசமாட்டாரு."

"இங்க பேசிட்டிருக்காரே, போதாதா?" என்றான் ஜோவ்.

யாரும் சிரிக்கவில்லை. டாக்ஸிக்காரர்களில் ஒருவர் துவானைப் பார்த்தார். "நீங்க பாத்தீங்களா? உங்க கண்ணால?"

"மெஷின் ஓடறதை நான் பாக்கலை" என்றாள் துவான். "ஓடுதுன்னு அவர் சொன்னதைக் கேட்டேன். நாளைக்கு வழக்குத் தொடுப்போம். அது முடிய வருஷக்கணக்காகும். ஆனா இன்னிக்கு நீங்க முத்திரை வெச்சிட்டா, வழக்குல ஜெயிச்சாலும் கையில ஒண்ணும் இருக்காது. இது சத்தியம். பணம் எப்ப வரும்னு மட்டும் என்னால சத்தியம் பண்ண முடியாது."

"அப்போ எதை நம்பறது?" என்று யாரோ கேட்டார்கள்.

கேள்வி துவானுக்கு வந்தது. ஆனால் எல்லோரும் பார்த்தது சூ-லானை.

அவள் மகளைத்தான் பார்த்தாள். ரூமானின் மூடிய கைக்குள் முத்திரை இருந்தது.

"நான் வென்னை நம்பி வாங்கினேன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள் சூ-லான். "இல்ல. அவன் கையில ஒரு துண்டுத் தகடை வெச்சுக்கிட்டு, இதுக்குள்ள ஒரு விரிசல் இருக்குக்கா, யாருக்கும் தெரியாது, தட்டினா சொல்லும்னான். தட்டினான். சொல்லுச்சு. எனக்கே கேட்டுது. நான் அதைத்தான் வாங்கினேன். அது பொய்யாகலை. அவன்தான் பொய்யாயிட்டான்."

"கடை?" ரூமானின் கண்கள் நிறைந்துவிட்டன. "சாயங்காலம் ஓனர்கிட்ட என்ன சொல்றது? நாளைக்கு எங்க போய்த் தோசை சுடறது?"

"கடை அவரோடது. அவர் யாருக்கு வேணா விக்கட்டும். அடுப்பு நம்மளோடது."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுத்தர் எண்ணைக் கூப்பிட்டார். ரூமானுடைய எண்.

அவள் எழுந்து நின்றிருந்தாள். கண்ணாடிக்கும் அம்மாவுக்கும் நடுவில். ஜோவ் கிண்ணப் பெட்டியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். துவான் கொட்டாவி விடவில்லை.

எழுத்தர் மறுபடி கூப்பிட்டார்.

ரூமான் உட்கார்ந்தாள். முத்திரையை அம்மாவின் ஏப்ரன் பைக்குள் போட்டுவிட்டு, முகத்தை அந்த ஏப்ரனிலேயே புதைத்துக்கொண்டாள்.

எழுத்தர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். தோளைக் குலுக்கிக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அது மீன்காரியுடையது. அவள் தன் சீட்டைப் பார்த்தாள், இரண்டாக மடித்தாள், காலணியைச் சரிசெய்துகொண்டு இன்னும் வசதியாகச் சாய்ந்தாள்.

அடுத்த எண்.

முடிதிருத்துகிறவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த எண். அதற்கடுத்தது. சுவரோரம் நின்ற டாக்ஸிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் நகரவில்லை.

"யாருமே இல்லையா?" என்று நிறைந்திருந்த அறையைப் பார்த்து எழுத்தர் கேட்டார்.